கும்பகோணம்: சொகுசு விடுதியா, சன்னதித் தெரு லாட்ஜா?

இங்கே பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கின்றன. அந்த உச்சிவெயிலை நகருக்கு வெளியே உள்ள சொகுசு விடுதியின் நீச்சல்குளத்தில் கழிப்பது சுகம்தான். வாடகைதான் கையைக் கடிக்கும், எங்கே போகவும் கார் வேண்டும்.

லாட்ஜில் குளியலறை சுமார்தான். ஆனால் சாரங்கபாணி, கும்பேசுவரர், நாகேசுவரர் கோயில்களுக்கு விடியலிலேயே நடந்து போகலாம். வழியில் டிகிரி காபி வேறு! விடுதியில் காலை உணவை அடுக்கி முடிப்பதற்குள் இரண்டு கோயில்களைப் பார்த்துவிடலாம். தாராசுரத்துக்கு ஆட்டோ போதும். இரண்டாம் இராசராசன் எழுப்பிய அந்த 12ஆம் நூற்றாண்டுக் கோயிலின் நுண்சிற்பங்களைச் சாய்வெயிலில்தான் பார்க்க வேண்டும்.

வயதான பெற்றோர் உடன் வந்தால் சொகுசு விடுதி. இல்லையென்றால் என் ஓட்டு லாட்ஜுக்கே.