ஆறு கோடை, ஒரே ஜோடி மைக்ரோஸ்பைக்

பனியில் வழுக்காமல் நடக்க ஷூவுக்கு மேல் மாட்டும் இந்த மைக்ரோஸ்பைக்கை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கோடை தொடங்கும் சமயத்தில், கீழே பாதை காய்ந்து மேலே கணவாயில் மட்டும் பனி மிச்சமிருக்கும் சில வாரங்களுக்குள், இரண்டு இரவு மூன்று பகல் மலைநடை போய்வருவது என் வழக்கம். அதற்கு மட்டும்தான் இது அலமாரியை விட்டு வெளியே வரும், வந்தால் நன்றாக அடிபடும். ஜோடி 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஷூவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அடியில் சங்கிலி, சங்கிலியில் ஒரு சென்டிமீட்டர் நீளப் பற்கள், அவ்வளவுதான். மாட்ட அரை நிமிடம் போதும், கையுறையைக் கழற்றக்கூட வேண்டாம்.

விடியற்காலையில் இறுகிக் கிடக்கும் பனியில் இதற்கு ஈடு கிடையாது. ஷூ மட்டும் போட்டு எண்ணெய் தடவிய தரையில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருப்போம், இதை மாட்டியதும் கறுக் கறுக் என்று சத்தம் கேட்கும், தோள் தானாகத் தளரும். அதே பனி பதினோரு மணிக்குமேல் வெயிலில் இளகியதும் பற்களுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது, சங்கிலிக்கு அடியில் ஈரப்பனி உருண்டை கட்டிக்கொண்டு ஹீல்ஸ் போட்ட மாதிரி ஆகிவிடும். பத்தடிக்கு ஒருமுறை குச்சியால் தட்டிவிட வேண்டும். இது பொருளின் குறை என்று முதல் வருடம் திட்டினேன். நான் கிளம்பிய நேரம்தான் தவறு.

அதனால் இப்போது பயணத் திட்டத்தை தூரத்திலிருந்து தொடங்குவதில்லை, கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்றரைக்கு அலாரம், நாலேகாலுக்கு நடை, கணவாயை ஒன்பதுக்குள் தாண்டியாக வேண்டும், பன்னிரண்டுக்கு டென்ட் அடித்துவிட வேண்டும். சரிவான இடங்களில் பனி தளர்ந்து தானாகச் சரிவதும் பிற்பகலில்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: இரவு வானம் தெளிவாக இருந்தால்தான் பனி தன் சூட்டை மேலே விட்டு நன்றாக உறையும். மேகம் மூடிய இரவு என்றால் காற்று சற்றுக் குளிர்ந்திருந்தாலும் காலையில் மேல் ஓடு மெலிசாகத்தான் இருக்கும். எழுந்ததும் டென்ட்டுக்கு வெளியே பத்து அடி நடந்து பார்ப்பேன். அப்போதே கணுக்கால் வரை புதைந்தால் அன்று கணவாய் கிடையாது, திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நேரக் கணக்குக்குப் பழைய நைஸ்மித் விதியைத்தான் வைத்திருக்கிறேன், 1892ல் போட்டது: மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். பனி என்றால் வருவதை இரண்டால் பெருக்குகிறேன். இரண்டாவது வருடம் பெருக்காமல் போய், மதியத்துக்குமேல் இடுப்புவரை புதைந்து புதைந்து நாலு கிலோமீட்டரை ஐந்து மணி நேரம் நடந்தேன். பாறைகளைச் சுற்றித்தான் அதிகம் புதையும், பாறை சூடாகி அடியில் பனியை உருக்கிப் பொந்தாக்கி வைத்திருக்கும்.

மூன்றாவது வருடம் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. நிழலான ஒரு சரிவைக் குறுக்கே கடக்கும்போது, பக்கவாட்டில் எடை விழுந்து சங்கிலி ஷூவின் ஓரத்துக்குப் புரண்டுவிட்டது. அடுத்த நொடி உட்கார்ந்த நிலையில் சறுக்கிக்கொண்டிருந்தேன். பதினைந்து மீட்டர் இருக்கும், கீழே சமதளம் வந்ததால் நின்றேன், வேறு எந்தத் திறமையாலும் இல்லை. சறுக்கினால் பனியில் குத்தி நிற்க வேண்டிய கோடரி, ஐஸ் ஆக்ஸ், பையின் பின்னால் அழகாகக் கட்டியிருந்தது. கூட வந்தவன் மேலேயிருந்து "டேய், அதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த நாள் ஆபத்தில்லாத ஒரு சின்ன மேட்டில் இருபது தடவை வேண்டுமென்றே சறுக்கி, ஆக்ஸைக் குத்தி நிற்கப் பழகினோம்.

அதற்குப் பிறகு வரைபடத்தில் சரிவை அளக்காமல் போவதில்லை. 1:25,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு என்றால், இரண்டு கோட்டுக்கு நடுவே சுமார் 1.4 மில்லிமீட்டர் இருந்தால் 30 டிகிரி. பனிச்சரிவு அதிகம் நடப்பது 30க்கும் 45க்கும் இடையில், அந்தப் பக்கம் நான் போவதில்லை. 2.2 மில்லிமீட்டர் என்றால் 20 டிகிரி, என் கணக்கில் மைக்ரோஸ்பைக்கின் எல்லை கிட்டத்தட்ட அங்கேயே முடிகிறது. அதற்குமேல் நீளப் பற்கள் உள்ள கிராம்பான் வேண்டும், ஆக்ஸ் கையில் இருக்க வேண்டும். பனி எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க, கிளம்பும் வாரம் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைத் திறந்துவிடுவேன். இலவசம், சில நாளுக்கு ஒருமுறை புதுப்படம் வரும், மேகம் மட்டும் குறுக்கே வராமல் இருக்க வேண்டும்.

உழைப்பு பற்றி. நாலாவது வருடம் முன்பக்க ரப்பரில் கீறல் விழுந்தது. இரண்டு பனித்திட்டுக்கு நடுவே பாறை வரும்போது கழற்றாமல் நடந்த சோம்பலால் பற்கள் மழுங்கின. ஒரு சங்கிலி வளையம் வாய் பிளந்தது, கம்பியால் கட்டி ஓட்டுகிறேன். ஊருக்கு வந்ததும் துடைத்துக் காயவைக்காத ஒரு வருடம் துருவும் பிடித்தது.

கூடவே போகும் மற்ற சாமான்களில் இரண்டைப் பற்றித் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். தண்ணீர் வடிகட்டியை முதல் இரவு டென்ட் ஓரத்தில் விட்டேன். உள்ளே இருக்கும் குழாய்கள் உறைந்து வெடித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. இப்போது அது என்னோடு ஸ்லீப்பிங் பேக்கில் தூங்குகிறது, பக்கத்தில் கேஸ் கேனிஸ்டரும், ஏனென்றால் அதில் இருக்கும் பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகாமல் நின்றுவிடும். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் கேஸை ஏறக்குறைய இரு மடங்கு வையுங்கள்: ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் 334 கிலோஜூல், அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைக்க இன்னொரு 418. பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பனியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடி தீய்ந்து வாசனை வரும்.

படுக்கைக்கு ஃபோம் பாய் ஒன்றும் காற்றடைத்தது ஒன்றும், ஒன்றன்மேல் ஒன்று. பாய் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்று சொல்லும் எண்தான் ஆர் மதிப்பு, இரண்டின் மதிப்பும் கூடிவிடும், பனிமேல் படுக்க மொத்தம் ஐந்தாவது வேண்டும் எனக்கு. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகவே போகாதீர்கள். சன்ஸ்கிரீனை மூக்குத் துவாரத்துக்கு உள்ளேயும் தாடைக்கு அடியிலும் தடவுங்கள், வெயில் பனியில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும்.

ஓடைகள் மதியம் தாண்டி உருகிய நீரால் பெருகும், காலையில் வற்றும். மாலையில் தொடை அளவு ஓடியதை மறுநாள் ஐந்து மணிக்கு முழங்காலுக்குக் கீழே கடந்திருக்கிறேன். ஓடைமேல் மூடியிருக்கும் பனிப்பாலத்தை மட்டும் காலையிலும் நம்புவதில்லை, அடியில் தண்ணீர் சத்தம் கேட்டால் வேறு இடம் தேடுவேன்.

திரும்ப வாங்குவேனா என்றால், இதே வகையைத்தான் வாங்குவேன். இந்த வருடப் பாதையில் வடக்குப் பார்த்த, வெயில் குறைவாகப் படும் ஒரு கணவாய் வருகிறது, அதற்கு அலுமினியக் கிராம்பானும் சேர்கிறது. நேற்று இரண்டையும் ஷூவில் மாட்டிப் பார்த்தேன். இடதுகால் மைக்ரோஸ்பைக்கில் அந்தக் கீறல் இன்னும் ஒரு விரற்கடை ஓடியிருக்கிறது, இழுத்தால் வெள்ளையாகத் தெரிகிறது. இந்த ஜோடிக்கு இன்னொரு கோடை இல்லை.