வால்வு ரேடியோ பெட்டிக்கு எது சரி: லேக்கரா, ஸ்பிரிட் பாலிஷா, பி.யூ.வா?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து ஒரு மர்ஃபியோ பிலிப்ஸோ இறங்குவது இன்றைக்கும் நடக்கிறது. உள்ளே இருக்கிற வால்வு, கண்டென்சர் விஷயத்தில் பெரிய விவாதம் வராது. கெட்டதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில்தான் ஆளுக்கொரு பேச்சு. தச்சரைக் கேட்டால் "பி.யூ. அடிச்சிடலாம் சார், இருபது வருஷம் நிக்கும்" என்பார். பி.யூ. என்றால் பாலியூரிதேன் பூச்சு. வயதான பாலிஷ்காரர், ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் பாலிஷைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். பாரிமுனை பெயின்ட் கடையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். கதவுக்கும் அலமாரிக்கும் இவர்கள் சொல்வது சரிதான். ரேடியோ பெட்டிக்கு என் கணக்கு வேறு: திரும்ப எடுக்க முடியாத எதையும் அதன்மேல் பூசக் கூடாது.

எதைப் பூசுவது என்பதற்கு முன், ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு, அதாவது ஷெல்லாக். ஸ்பிரிட்டுக்கு அவ்வளவாக அசையாமல் என்.சி. தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பின்னால் யாரோ வார்னிஷோ பி.யூ.வோ அடித்திருக்கிறார்கள். 1950, 60களின் மர ரேடியோக்களில் பெரும்பாலும் லேக்கர்தான் இருக்கும். தொழிற்சாலையில் ஸ்பிரே செய்தது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பெட்டிகளின் ஆழ்ந்த பழுப்பு நிறம் பல சமயம் மரத்தில் இல்லை, லேக்கரில் இருக்கிறது. சாதாரண மரத்தின்மேல் வெனீர் எனும் மெல்லிய மரத்தகட்டை ஒட்டி, நிறம் கலந்த லேக்கரை அடித்து, ஓரங்களை இன்னும் கருமையாக்கி, வேறுவேறு மரத்துண்டுகளை ஒரே மரம் மாதிரி காட்டியிருப்பார்கள். பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டினால் அந்த நிறமும் சேர்ந்து போய்விடும். அடியில் வெளிறிப்போய் ஒட்டுப்போட்ட பெட்டி ஒன்று வெளிப்படும். அதனால் "முதலில் பழசை எல்லாம் எடுத்துடணும்" என்று யார் சொன்னாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

எதையும் பூசாமல் விடுவதும் ஒரு வழி. அதைத்தான் முதலில் முயல வேண்டும். சமையல் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பிராணி, பீடிப் புகை எல்லாம் படிந்து கருத்ததைப் பார்த்து பாலிஷ் போய்விட்டது என்று நினைக்கிறோம். மென்மையான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு மெழுகு பாலிஷ் தேய்த்தால் பல பெட்டிகளுக்கு அதுவே போதும். ஒன்று மட்டும்: டயல் கண்ணாடியின் உட்பக்கம் கை வைக்காதீர்கள். ஸ்டேஷன் பெயர்கள் அங்கேதான் அச்சாகியிருக்கும், ஈரம் பட்டால் உரிந்து வந்துவிடும். முன்பக்கத்தில் ஒட்டிய கம்பெனிப் பெயருக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

மெழுகுக்கு மசியாத பெட்டி என்றால், அசலுக்கு நெருக்கமானது லேக்கர்தான். புதிதாக அடிப்பது பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. பாம்புத் தோல் மாதிரி வெடித்த பழைய பூச்சின்மேல் தின்னரை மட்டும் மெல்ல அடித்து, அதையே இளக்கிப் படிய வைப்பதும் உண்டு. நிறம் போகாது என்பதால் எனக்குப் பிடித்த வித்தை இது. ஆனால் ஒழுங்காகச் செய்ய ஸ்பிரே வேண்டும், ஸ்பிரேவுக்கு இடம் வேண்டும். கொருக்குப்பேட்டையில் பல குடித்தனம் இருக்கும் வீட்டு மொட்டை மாடியில் லேக்கர் அடித்தால் பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நாறும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி ஈரப் பூச்சில் வந்து உட்காரும். இதைவிடப் பெரிய தொல்லை கடற்காற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காசிமேட்டுப் பக்கம் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டரைச் சேர்த்தால் ஓரளவு தப்பலாம். மேற்குக் காற்று அடிக்கும் வைகாசி, ஆனியில், கடற்காற்று நுழைவதற்கு முன்னால் முடித்துவிடுவது இன்னும் நல்லது. இன்னொன்று, நைட்ரோசெல்லுலோஸ் குபீரென்று பற்றிக்கொள்ளும். அடுப்பெரியும் வீட்டுக்குள் அடிக்கவே கூடாது.

நம் பக்கத்து வீடுகளுக்கு நான் ஓட்டுப் போடுவது ஸ்பிரிட் பாலிஷுக்கு. மெஷின் வேண்டாம், தனி அறை வேண்டாம், கையால் போடலாம். சரக்கும் நம் நாட்டுச் சரக்கு: அரக்குப்பூச்சி மரக்கிளையில் விடும் பிசின்தான் இது, ஜார்க்கண்ட் பக்கம் அதிகம் விளைகிறது. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 240 கிராம் அரக்குச் சில்லு ஊறவைத்தால் நடுத்தரப் பதம். கடைசிப் பூச்சுகளுக்கு இன்னும் நீர்க்கச் செய்யலாம். நன்றாகத் தெளியவிட்டால் மெழுகு அடியில் தங்கும், மேல் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டணமாகக் கட்டி, நனைத்து, ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தொட்டு, வட்ட வட்டமாக ஓட்ட வேண்டும். கை நடுவில் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் பிடித்துக்கொண்டு பழைய பூச்சையும் பிய்க்கும். சுத்தமாகத் துடைத்த பழைய லேக்கரின்மேலும் இது பிடிக்கும், அதனால் அசல் நிறத்தைத் தொடாமலே மேலே மினுமினுப்பு ஏற்றலாம். கரைத்த சரக்கை வருஷக்கணக்கில் வைக்கக் கூடாது, பழசானால் சரியாகக் காயாது. கடையில் டப்பாவில் கரைத்து விற்பதைவிடச் சில்லு வாங்கி அவ்வப்போது கரைப்பதே மேல்.

குறையும் உண்டு. ஈர டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும், சூட்டுக்கு இளகும். ஆனால் யார் ரேடியோமேல் டீ டம்ளர் வைக்கப்போகிறார்கள்? அந்தக் காலத்திலேயே குரோஷா துணி விரித்துத்தானே வைத்தோம்.

பி.யூ.வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர், சூடு, கீறல் எல்லாவற்றையும் தாங்கும், அதுவேதான் பிரச்சினையும். ஹார்டனர் (இறுக வைக்கும் கலவை) சேர்த்து இறுகியது எந்தத் தின்னருக்கும் கரையாது, எடுக்க வேண்டுமானால் உப்புத்தாள்தான். பெட்டியின் வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடுத்த முறை தேய்க்கிறவர் அதைத் துளைத்துக்கொண்டு அடிமரத்துக்கே போய்விடுவார். போதாக்குறைக்குக் கண்ணாடித் தகடு ஒட்டிய மாதிரி ஒரு பளபளப்பு. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருப்பதால் வீட்டில் ஸ்பிரே செய்வது நுரையீரலுக்கும் கேடு. முன்பே யாரோ அசல் பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்ட பெட்டி, கடையில் நாலு பேர் கை படும் இடத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம். மைக்கா ஒட்டியவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்தக் கட்சியானாலும் வெனீர் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். பழைய பெட்டிகளில் வஜ்ஜிரம் (விலங்குப் பசை) போட்டு ஒட்டியிருந்தால் ஈரத்தில் விட்டுவிடும். கிளம்பிய இடத்தில் ஈரத்துணி வைத்து மிதமான இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால் பல சமயம் திரும்பப் பிடித்துக்கொள்ளும். மேலிருக்கும் பூச்சு கெட வாய்ப்புண்டு என்பதால்தான் பாலிஷுக்கு முன்பே செய்யச் சொல்கிறேன். பேக்லைட் (பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) பெட்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கார் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம், உப்புத்தாள் கூடாது. மேல்தோல் போனால் உள்ளே இருக்கும் மரத்தூள் சொரசொரப்பு தெரிய ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் இருக்கின்றன, நெருக்கி நெய்யாத துணியாகப் பார்த்து எடுத்தால் சத்தம் அமுங்காது.

வேலை முடிந்து சேஸிஸை, அதாவது வால்வுகள் பொருத்திய உலோகச் சட்டத்தை, திரும்ப மாட்டும்போது ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்களில் சேஸிஸே கரன்ட் லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும், குமிழின் சின்ன ஸ்க்ரூ வழியாகக்கூட ஷாக் அடிக்கலாம். அந்த ஸ்க்ரூ இருக்கும் துளையைத் தொழிற்சாலையில் மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். துடைக்கும்போது அது போயிருந்தால் மறுபடி அடைத்துவிடுங்கள். பின்பக்க அட்டை இல்லாமல் வந்த செட் என்றால், பாலிஷுக்குச் செலவழிக்கும் முன் காற்றுத் துளை போட்ட ஓர் அட்டையை வெட்டி மாட்டுங்கள்.