வெள்ளவத்தையில் ஓர் ஆங்கில வகுப்பு: "நிரூபித்தது யார்?"

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கான ஆங்கில டியூசன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறது. அனேகமாகப் பழைய வினாத்தாள்களைச் செய்ய வைத்து அனுப்பிவிடுவார்கள். ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் ஒரு மிஸ் சனிக்கிழமைகளில் நடத்தும் வகுப்பு வேறு மாதிரி. தரம் 10 படிக்கும் என் மகள் அங்கே போகிறாள். பெற்றோரும் பின் வாங்கில் இருந்து பார்க்கலாம் என்றதால் நானும் போய் இருந்தேன்.

அன்றைக்குப் பாடம் பசிவ் வொய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை. வாட்ஸ்அப்பில் சுற்றிய ஓர் ஆங்கில வரியை மிஸ் பலகையில் எழுதினார்: பப்பாசி இலைச்சாறு டெங்குவைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளதாம். இதை அக்டிவுக்கு (செய்வினைக்கு) மாற்றுங்கள் என்றார். பிள்ளைகள் பேனையைப் பிடித்தபடி முழித்தார்கள். எழுவாய்க்கு எங்கே போவது? நிரூபித்தது யார் என்று அந்த வரியில் இல்லையே!

தேடல் அங்கேதான் தொடங்கியது. அந்த வரி வந்த இணையத்தளத்தையே மேலும் கீழும் வாசிக்க மிஸ் விடவில்லை. வேறு பக்கம் திறந்து, தளம் யாருடையது என்று பார்க்கச் சொன்னார். பப்பாசி வில்லை விற்கிறவர்களுடையது! பிறகு சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு, உலக சுகாதார நிறுவனம் என்று போனார்கள். டெங்குவுக்கெனத் தனி மருந்து இல்லை, காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், அஸ்பிரினும் இபுபுரூபனும் கூடாது. இவற்றையெல்லாம் சொன்னவர் யாரோ அவரையே எழுவாயாக வைத்துப் பிள்ளைகள் எழுதினார்கள். 2017இல் மட்டும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவான நாடு இது. இந்தப் பாடம் எங்களுக்கு உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பின்பற்றுவதாக மிஸ் சொன்னார். வரலாற்றுப் பேராசிரியர்கள்கூடத் தளத்தின் தோற்றத்தில் ஏமாந்தபோது, செய்தி சரிபார்ப்பவர்கள் உடனே வெளியேறி மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்களாம்.

குறையும் உண்டு. கட்டுரைகள் திருத்தி வரக் கிழமைக்கணக்கில் ஆகிறது. அதற்குள் என்ன பிழை விட்டோம் என்பதே பிள்ளைக்கு மறந்துபோகிறது. அறையும் சின்னது, பின்னால் இருப்பவர்களுக்குத் திரை சரியாகத் தெரியாது.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது பாஸ் ஒன்றுக்காகத் தேடுகிறவர்களுக்கு இது சரிவராது. தரம் 9இலேயே சேர்த்துவிடுங்கள்.