பேரிங் பழுதைக் கண்டறிய எந்த அதிர்வு முறை?

பேரிங்கின் ஓடுபாதையில் சிறு குழி விழுந்தால், ஒவ்வொரு பந்தும் அதைக் கடக்கும்போது மிகக் குறுகிய மோதல் ஒன்று எழுகிறது. அம்மோதலின் ஆற்றல் பல கிலோஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடப்பதால்தான், எல்லா அதிர்வு முறைகளும் அதைச் சமமாகக் காண்பதில்லை.

ஆலைகளில் பரவலாக எடுக்கப்படுவது 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வு வேகத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பு (ஒருவகைச் சராசரி அளவு). சமநிலைக் குறைவையும் அலைன்மென்ட் பிசகையும் அது நன்கு காட்டும்; பேரிங் பழுதால் அது உயரும்போதோ சேதம் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அதிர்வில் திடீர் உச்சங்கள் எவ்வளவு மிகுந்துள்ளன என்பதைக் காட்டும் கர்ட்டோசிஸ் என்ற புள்ளியியல் அளவு இதைவிட முந்திக்கொள்ளும். நல்ல பேரிங்கில் ஏறத்தாழ 3 ஆக இருக்கும் அம்மதிப்பு, மோதல்கள் தோன்றியதும் ஏறுகிறது. ஆனால் சேதம் பரவி மோதல்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், அது மீண்டும் 3ஐ நோக்கி இறங்கிவிடுகிறது; ஆகவே ஒற்றை அளவீட்டை நம்பி இதைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

என் தேர்வு என்வலப் பகுப்பாய்வு. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்துள்ள தரவில், 9 பந்துகள் கொண்ட 6205 வகை பேரிங் உள்ளது. நிமிடத்துக்கு 1797 சுற்றுகளில், அதன் வெளிவளையப் பழுது 107.4 ஹெர்ட்ஸிலும் உள்வளையப் பழுது 162.2 ஹெர்ட்ஸிலும் தெரிய வேண்டும். (இவ்விரண்டையும் சுழல்வேகமான 29.95 ஹெர்ட்ஸால் வகுத்துக் கூட்டினால், பந்துகளின் எண்ணிக்கையான 9 கிடைக்கும். கணக்கைச் சரிபார்க்க இது எளிய வழி.) பந்துகள் சற்றே வழுக்குவதால் மோதல்களின் இடைவெளி சீராக இராது, எனவே சாதாரண ஸ்பெக்ட்ரத்தின் (அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தின்) உயர் அதிர்வெண் பகுதியில் பழுது அதிர்வெண்ணின் மடங்குகள் கலங்கிவிடுகின்றன, தாழ்பகுதியிலோ பிற அதிர்வுகள் அவற்றை மூடிவிடுகின்றன. என்வலப் முறை, மோதல்களால் இயந்திரம் வலுவாக அதிரும் அதிர்வெண் பகுதியான ஒத்ததிர்வுப் பட்டையை மட்டும் வடிகட்டி, அதன் வீச்சு ஏறி இறங்கும் தாளத்தை எடுத்து ஆராய்வதால், அந்த எண்கள் தெளிவாக எழும்புகின்றன. உள்வளையக் குழி சுழன்று சுமை தாங்கும் பகுதிக்குள் வந்துபோவதால், 162.2இன் இருபுறமும் 29.95 ஹெர்ட்ஸ் இடைவெளியில் துணைக்கோடுகளும் தோன்றும். பழுது எங்கே என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. பட்டையைத் தவறாகத் தேர்ந்தால் எல்லாம் வீணாகும். அதற்குத்தான், எந்தப் பட்டையில் கர்ட்டோசிஸ் மிகுதி என்று காட்டும், ஆய்வாளர் அன்டோனியின் கர்ட்டோகிராம் உதவுகிறது.

தரவிலிருந்து தாமே கற்கும் கணினி நிரல்களான நரம்பியல் வலையமைப்புகள் இதே தரவில் ஏறக்குறைய முழுத் துல்லியம் காட்டுவதாகப் பல கட்டுரைகள் கூறுகின்றன. ஒரே பதிவைத் துண்டாக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துக் கொடுத்தால், வலையமைப்பு பழுதை அல்லாமல் அந்தப் பதிவையே மனப்பாடம் செய்திருக்கலாம். மேலும் அத்தரவின் குழிகள் மின்பொறி அரிப்பால் செயற்கையாக உண்டாக்கப்பட்டவை. பயிற்சியில் காணாத வேறொரு பேரிங்கில் சோதித்த முடிவைக் கொடுக்காத கட்டுரையை வைத்து ஆலையில் முடிவெடுக்கக் கூடாது.