கடலின் ஒளியை அளக்க: மேல்தளத்தில் நின்றா, தண்ணீரில் இறக்கியா?

கிருஷ்ணகிரியில் இயற்பியல் படித்துவிட்டு ஆராய்ச்சிக் கப்பலுக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர் ஒருவர், கடலிலிருந்து வரும் ஒளியைக் கப்பலின் மேல்தளத்தில் நின்று அளப்பதா, கருவியைத் தண்ணீரில் இறக்கி அளப்பதா என்று கேட்டார். கடலைப் பார்க்கும் செயற்கைக்கோளுக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு காற்றுமண்டலம் சிதறடித்தது. தண்ணீருக்குள்ளிருந்து வருவது மிச்சம்தான். 2022இல் ஏவிய இந்தியச் செயற்கைக்கோள் இஓஎஸ்-06இன் கடல்நிறக் கேமரா சொல்வது சரியா என்று பார்க்க, யாராவது கடலிலேயே அளந்தாக வேண்டும்.

மேல்தள முறையில் மூன்று சென்சார்கள். ஒன்று நேர்மேலே பார்த்து விழும் வெளிச்சத்தை அளக்கும். ஒன்று வானத்தை, இன்னொன்று கடலை, செங்குத்திலிருந்து 40 பாகை சாய்ந்து பார்க்கும். சூரியன் இருக்கும் திசையிலிருந்து 135 பாகை விலகி. கடலைப் பார்க்கும் சென்சாரில் வானத்தின் பிரதிபலிப்பும் கலந்திருக்கும் அல்லவா? வான ஒளியில் 0.028 பங்கைக் கழித்துவிடுவார்கள். காற்று நொடிக்கு 5 மீட்டருக்குள், வானம் தெளிவு என்றால் இந்தக் கணக்கு நன்றாகவே நிற்கும். மேகம் சிதறிக் கிடந்தால் போச்சு. நீலக்கடலில் சிவப்பு ஒளி மிகக் குறைவு என்பதால், கழித்தலில் வரும் சின்னப் பிழைகூட அங்கே பெரிதாகிவிடும். ஆனால் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கலாம்.

தண்ணீரில் இறக்கும் முறைக்குக் கப்பலை நிறுத்த வேண்டும். கப்பலின் நிழல் படாமல் கருவியைத் தள்ளி மிதக்கவிட்டு மெல்ல இறக்குவார்கள். ஆழத்தோடு ஒளி குறையும் வேகத்தைக் கண்டுபிடித்து, மேற்பரப்புக்குக் கீழே எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, 0.54ஆல் பெருக்கினால் வெளியேறும் ஒளி கிடைக்கும். வான ஒளியின் தொல்லையே கிடையாது. தெளிந்த ஆழ்கடல் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் பச்சையாகக் கிடக்கும் நாட்களில் கதை தலைகீழ். ஒளி சீக்கிரமே மங்கிவிடும், கருவியின் நிழலே அளவைக் கெடுக்கும். அங்கே மேல்தள முறைதான் சரி. ஆனால் ஒகேனக்கல் பரிசலில் ஏறி முயலாதீர்கள். அது சுற்றச் சுற்ற 135 பாகையும் சுற்றும்.

1865இல் இத்தாலிய வானியலாளர் செக்கி தண்ணீரில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டு மலிவானது, ஆனால் தெளிவைச் சொல்லுமே தவிர நிறத்தைச் சொல்லாது. மேல்தள முறைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு அளவீட்டோடும் காற்றின் வேகத்தைக் குறித்து, வானத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்த அளவைத் தூக்கி எறிவது என்று அப்புறம் முடிவு செய்ய அது வேண்டும்.