ஆறு வருட ராமென்: மேஜையா, கவுண்ட்டரா?

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "நீ எப்பவும் போற அந்த ராமென் கடை இன்னும் நல்லா இருக்கா? வீட்ல அஞ்சு பேரும் போகலாம்னு இருக்கோம்." "தாராளமாப் போங்க" என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். ராமென் என்றால் ஜப்பானிய நூடுல்ஸ் சூப். மாதம் இரண்டு முறையாவது என்று ஆறு வருடமாகப் போகிற கடை அது. போகச் சொல்ல மனசு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லக் காரணமும் இருக்கிறது. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அடிப்படை விவரமெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விலை கையைக் கடிக்காது, அதனால் எப்போதும் கூட்டம். வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். மேஜைகள் நெருக்கம், பக்கத்து மேஜையில் பேசுவது நமக்கும் கேட்கும். இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் போவது சூப்புக்காக.

அந்தச் சூப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டோன்கொட்சு வகை, அதாவது பன்றி எலும்புச் சூப். மெல்லிய தீயில் வைத்தால் எலும்புச் சாறு தெளிவாகத்தான் வரும். இவர்கள் மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்க விடுகிறார்கள். கொழுப்பும் எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டினும் தண்ணீரோடு அடித்துக் கலந்து, பால் போல வெளுத்துவிடுகிறது. குடித்தபின் உதடு லேசாக ஒட்டும். எலும்பு நன்றாக வெந்ததற்கு அதுதான் அடையாளம். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அது நீர்த்துப் போய் நான் பார்த்ததில்லை. இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், இந்த விலையில், அது சாதாரண விஷயமில்லை.

என் சண்டை சமையலறை ஜன்னலோடு. சமையல்காரர் கிண்ணத்தை அங்கே ஒரு எவர்சில்வர் பலகையில் வைத்து மணி அடிப்பார். சர்வர் வந்து எடுக்க வேண்டும். கடைசியாகப் போனபோது அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே எனக்கு மேஜை கிடைத்தது. என் கிண்ணம் வந்து உட்கார்ந்தது. மணி அடித்தது. ஒரு சர்வர் பில் போட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் மேஜை துடைத்துவிட்டு வாசலில் அடுத்த பெயரைக் கூப்பிடப் போனார். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் மொடமொடவென்று நின்ற நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாள் மெதுவாகச் சாய்ந்து சூப்புக்குள் சரிந்தது. ஆவி குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது முறை மணி அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு நிமிடம்.

நான்கு நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். இந்த நூடுல்ஸுக்குப் பெரிய விஷயம்தான். டோன்கொட்சுவோடு வருவது ஹக்காதா பாணி நூடுல்ஸ். ஜப்பானில் ஃபுகுவோகா நகரத்தின் வகை. மெல்லிசு, வளைவில்லாத நேர் இழை. மாவில் தண்ணீர் குறைவாகச் சேர்த்துப் பிசைவார்கள். அதனால் கொதிநீரில் ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும், அதே வேகத்தில் சூப்பையும் உறிஞ்சி ஊதிவிடும். அதனால்தான் அந்த ஊர்க் கடைகளில் ஒரேயடியாக நிறையப் போடாமல் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். தின்று முடித்ததும் மிச்சச் சூப்பில் போட்டுக்கொள்ள இன்னொரு பிடி நூடுல்ஸை வெந்த சூட்டோடு தருவார்கள். அதற்குக் கயேதமா என்று பெயர். மீன் சந்தையில் வேலை செய்கிறவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுப் போவதற்காக வந்த பழக்கம் என்று சொல்வார்கள். அவசரத்துக்கென்றே பிறந்த உணவு இது. இந்தக் கடையில் சமையல்காரருக்கு அவசரம், சர்வருக்கு அவசரம், வாசலில் நிற்பவர்களுக்கும் அவசரம். கிண்ணம் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு என் முன்னால் வந்தது கட்டியாக எழும்பியது. குச்சியால் தூக்கினால் இழை இழையாகப் பிரிந்து வழுக்கிக்கொண்டு வர வேண்டியது, ஒரே கொத்தாக வந்து பாதியில் அறுந்து விழுந்தது. சூப்பும் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. அவ்வளவு நேரம் எலும்பைக் காய்ச்சிய உழைப்பை இந்த நான்கு நிமிடத்தில் கெடுக்கிறார்களே என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஆனால் இதே கடையில் கவுண்ட்டரில் உட்கார்ந்து பாருங்கள். எட்டு நாற்காலிதான், நமக்கும் சமையல்காரருக்கும் நடுவில் ஒரு பலகை. முதலில் கிண்ணத்தின் அடியில் டாரே என்கிற உப்புச் சுவைக்கூட்டை ஒரு கரண்டி விடுவார். பிறகு சூப். அதற்குள் நூடுல்ஸ் வெந்திருக்கும்; நீளக் கைப்பிடி வைத்த சல்லடையைத் தூக்கி மூன்று உதறு உதறுவார், தண்ணீர் சட்டென்று வடியும். நூடுல்ஸைச் சூப்பில் இறக்கி, குச்சியால் ஒருமுறை தூக்கி மடித்துப் போடுவார். மேலே பன்றி இறைச்சித் துண்டு, பாதியாக வெட்டிய முட்டை, வெங்காயத்தாள். அப்படியே கையை நீட்டி நம் முன்னால் வைப்பார். நோரி இன்னும் நிமிர்ந்தே இருக்கும். முதல் வாய் உறிஞ்சும்போது நூடுல்ஸின் நடுவில் ஒரு சின்ன விறைப்பு பல்லில் தட்டும். ஆறு வருடமாக என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது அதுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். இருபது மேஜைக்கு இரண்டு சர்வர்கள். ஒருநாள் ஒரு பெண் நான் கேட்காமலேயே, "இது ரொம்ப நேரம் இருந்துடுச்சு, வேற போட்டுத் தரச் சொல்றேன்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த மனசை நான் மறக்க மாட்டேன். தப்பு அவர்கள்மேல் இல்லை. மேலாளரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்: இன்னும் ஒரு ஆள், கூட்ட நேரத்தில் மட்டுமாவது, ஜன்னலுக்கென்றே போடுங்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வருடம் ஆகிறது, இன்னும் ஆள் வரவில்லை. கூட்டம் மட்டும் கூடியிருக்கிறது.

மேஜைதான் கிடைக்கிறது என்றால் சில வழிகள் உண்டு. "கத்தா" என்று கேளுங்கள், நூடுல்ஸை விறைப்பாகவே எடுத்துவிடுவார்கள். மேஜைக்கு வருவதற்குள் சரியான பதத்துக்கு வந்துவிடும், பாதி நாளாவது. இல்லாவிட்டால் உடோன் வாங்குங்கள். தடிமன் நூடுல்ஸ், கொஞ்சம் காத்திருப்பைத் தாங்கும். கட்சுடோனும் நல்ல தேர்வு. பொரித்த இறைச்சியை வெங்காயம், முட்டையோடு சாற்றில் வேகவிட்டுச் சோற்றின்மேல் ஊற்றுவது, ஊறுவதுதான் அதற்கு அழகு. மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவை மேஜையில் கேட்கவே வேண்டாம், நமத்துப்போகும். மீன், இறைச்சி சாப்பிடாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப் பார்ப்பதற்குச் சைவமாகத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் டாஷிச் சாறு பெரும்பாலும் கொம்பு என்னும் கடற்பாசியோடு, புகையூட்டி உலர்த்திய சூரை மீன் சீவலும் போட்டு எடுப்பது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் சூப்புக்கு முழு மதிப்பெண். கடைக்கு, இன்றைக்கு இருக்கிற கோபத்தில், பாதிகூடக் கொடுக்க மாட்டேன்.

தோழிக்குக் கடைசியில் இப்படி அனுப்பினேன்: "அஞ்சு பேரா போகாதீங்க, கவுண்ட்டர்ல சேர்ந்து இடம் கிடைக்காது, மேஜையில வேஸ்ட். நீ மட்டும் வியாழக்கிழமை என்கூட வா. கடை திறக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வாசல்ல நிக்கணும்."