ஸ்லீவ் சிகிச்சைக்குப் பின் நாலு வருஷம்: நாகர்கோவில் சமையலில் தினம் 70 கிராம் புரதம்

எடைக் குறைப்புக்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு எனக்கு நாலு வருஷம் ஆகிறது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாயாக விட்டுவைப்பார்கள். எடை குறைந்த கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வரும் தினசரிக் கணக்கைப் பற்றி: இந்தச் சின்ன வயிற்றுக்குள் போதுமான புரதத்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஆறேழு மாதம் புரோட்டீன் பவுடர் இல்லாமல் சமாளிப்பது மிகவும் கஷ்டம். அதன் பிறகு நம் வீட்டுச் சாப்பாடே போதும், ஆனால் தட்டில் சோறு இருக்கும் இடத்துக்கு மீனும் முட்டையும் பயறும் வந்தாக வேண்டும்.

பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று சொல்வார்கள். எனக்குக் கொடுத்த இலக்கு 70. சாதாரண ஆளுக்கு இது பெரிய அளவில்லை. ஆனால் ஆரம்பத்தில் அரை டம்ளர் கஞ்சியிலேயே வயிறு நிறைந்துவிடும். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்து போகும். புரதம் குறைந்தால் தசை இன்னும் அதிகமாகப் போகும், உள்ளே போட்ட தையல் ஆறுவதும் தாமதமாகும். அதனால்தான் டாக்டர்கள் இந்த ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும்தான். அப்புறம் கூழாக அரைத்தது, அப்புறம் குழைவானது, ஒன்றரை இரண்டு மாதத்தில் மெதுவாகத் திட உணவு. இந்தக் காலத்தில் 70 எட்டவில்லையே என்று யாரும் அழ வேண்டாம். தண்ணீர் குடித்து உடல் வறளாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது முதல் வேலை. புரதம் படிப்படியாக ஏறும்.

பவுடர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சில 'புரத பான'ங்களில் 100 கிராமுக்கு 30 சொச்சம் கிராம்தான் புரதம், மீதியில் பெரும்பங்கு சர்க்கரையும் மாவும். நல்ல வே ஐசோலேட்டில் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுத்த, புரதம் செறிந்த பவுடர்) 30 கிராம் கரண்டிக்கு 25 கிராம் வரை கிடைக்கும். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குப் பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும். ஐசோலேட்டில் அது மிகக் குறைவு என்பதால் பலருக்கு அதுதான் சரிப்படுகிறது. கொலாஜன் பவுடரைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் கிடையாது, அதனால் அது முழுமையான புரதம் ஆகாது.

சாக்லேட், வெனிலா எல்லாம் பத்து நாளில் திகட்டிவிடும். எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது சுவை சேர்க்காத பவுடர். கொதிக்கிற ரசத்தில் போட்டால் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் குழைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் ரசத்திலோ பருப்புத் தண்ணீரிலோ கலக்க வேண்டும். மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் பவுடர் வாசனை தெரியாது. இனிப்பு வெறுத்துப்போன நாட்களில் இந்த மிளகு ரசம் எனக்குப் பெரிய உதவி.

நாலாவது மாதம் வாக்கில் முடி கொட்ட ஆரம்பித்தது. இதற்குப் பயந்து பவுடரை இரட்டிப்பாக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுவை சிகிச்சை, வேகமான எடைக் குறைவு இரண்டுமே முடியை ஓய்வு நிலைக்குத் தள்ளிவிடுகின்றன. சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பலருக்கு இது வரும், புரதம் சரியாக எடுத்தாலும் வரும். புரதமும் இரும்புச்சத்தும் போதாமல் இருந்தால் இன்னும் மோசமாகும், அவ்வளவுதான். எனக்கு முதல் வருஷம் முடிவதற்குள் புது முடி வந்துவிட்டது. முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன்பு அதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், முடிவுகளை அது மாற்றிக் காட்டும்.

சரி, இனி சமையல். ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த அட்டவணையில் டோஃபு, கிரீக் யோகர்ட், கினோவா என்று இருந்தது. கடலோர மாவட்டத்தில் இருக்கும் ஒருத்திக்கு அந்தத் தாளில் ஒரு மீன் பெயர்கூட இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். மெத்தென்ற புரதத்துக்கு மீனைவிட நல்லது இந்த வயிற்றுக்கு வேறு எதுவும் இல்லை. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமை ஒட்டிப் புரதம் இருக்கும். நெத்தோலி அவியல் குழைவான உணவுக் காலத்திலேயே எனக்கு ஒத்துக்கொண்டது. தேங்காயும் பச்சை மிளகாயும் குறைத்து, நடுமுள்ளை உருவிவிட்டு, ஈரப்பதத்தோடு வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சாளைப் புளிமுளம், அயிலைக் குழம்பு எல்லாம் அப்புறம் வந்தன. பொரித்த மீன் மட்டும் நெஞ்சில் நிற்கும். ஓரம் மொறுமொறுப்பாக இருந்தால் எவ்வளவு மென்றாலும் கஷ்டம். சூரை மீன் சதை இறுகியது என்பதால் குழம்பில் உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுகிறேன்.

கோழியில் ஒரு விஷயம் கவனித்தேன். அன்று வைத்த கறி இறங்கும், மறுநாள் சூடு பண்ணினால் நார் நாராகி நிற்கும். தொடைக்கறி பரவாயில்லை, நெஞ்சுக்கறி பெரும்பாலும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

முட்டை ஒன்றில் 6 கிராம். அவித்தது முதல் சில மாதம் கல் மாதிரி கனத்தது. கொஞ்சம் பால் விட்டு அடித்து, குறைந்த தீயில் கிளறினால் பிரச்சினை இல்லை. முட்டைத் துவரனை (தேங்காய் சேர்த்த பொரியல்) இப்போதும் வாரத்தில் பாதி நாள் செய்கிறேன்.

காலையில் எங்கள் பக்கம் புட்டும் பயறும் பப்படமும்தான். நான் பயறை ஒரு கிண்ணம் முதலில் சாப்பிடுவேன், இடம் இருந்தால் புட்டு இரண்டு வாய். கஞ்சியும் பயறும் வைத்தாலும் இதே முறைதான். வேகவைத்த சிறுபயறு 100 கிராமில் 7 கிராம் வரை புரதம் உண்டு, ஓர் இட்லியிலோ 2 கிராம்தான். கொண்டைக்கடலை தோலோடு சாப்பிட்டால் எனக்கு வயிறு உப்பும், சிறுபயறு அப்படிச் செய்வதில்லை.

தயிரைச் சுத்தமான வேட்டித் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டால் காலையில் கெட்டித் தயிர் ரெடி. சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3 கிராம் சொச்சம், இதில் ஏழெட்டு கிராம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு புரதம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு டம்ளர் பாலில் இரண்டு பெரிய ஸ்பூன் கலந்தால் ஐந்தாறு கிராம் கூடிவிடும். ஐசோலேட் டப்பா ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதை வாங்க முடியாதவர்களுக்கு, பால் ஒத்துக்கொள்ளுமானால், இது நல்ல வழி.

வீட்டில் பெரிய போராட்டம் சோற்றைப் பற்றித்தான். "மக்களே, ஒரு வாய் சோறாவது தின்னு" என்று அம்மா தட்டோடு நிற்பார். சோறு தின்னாத பிள்ளை பட்டினி கிடக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. நான் கணக்குச் சொல்லி வாதாடவில்லை. முதலில் மீன், அப்புறம் துவரன், கடைசியில் அம்மா கையால் ஒரு வாய் சோறு. அவருக்கும் மனசு ஆறியது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காததையும் அரைமணி நேரம் கழித்துக் குடிப்பதையும் வீட்டில் இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

கார்த்திகையில் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் வீட்டில் மீனும் முட்டையும் கிடையாது. அந்த மண்டலக் காலத்தில்தான் பவுடர் மறுபடியும் அலமாரியிலிருந்து இறங்கும். சோயா உருண்டையை ஊறவைத்துப் பிழிந்து பொடியாக உதிர்த்து வதக்குவேன். உலர்ந்த சோயாவில் பாதிக்கு மேல் புரதம் என்பதால் 20 கிராம் போட்டாலே 10 கிராம் கிடைத்துவிடும். பன்னீர் 50 கிராமில் 9. முழு சைவமாக இருப்பவர்கள் வருஷம் பூராவும் இப்படித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது, அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. கல்யாண இலைச் சாப்பாட்டில் பருப்பைத் தவிரப் புரதம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, அதனால் வீட்டிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

சாப்பிட்டால் மட்டும் தசை நிற்காது. எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியோ வேண்டும். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று நான் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனையில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம், அது தாமதமாகத்தான் குறையும். கூடவே பி12, ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் டி எல்லாம் வருஷாவருஷம் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என் 70-ஐ எடுத்துக்கொள்ளாமல் டாக்டர் சொல்லும் அளவைக் கேளுங்கள். விடாமல் வாந்தி வந்தால் பவுடர் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த வாந்தியால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் நரம்பையே பாதிக்கும்.

இந்த நாலாவது வருஷத்தில் சோதனை வேறு விதம். வயிறு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குகிறது, பசியும் திரும்பிவிட்டது. மீன் இரண்டு துண்டில் நிறைகிற வயிற்றில் முறுக்கும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் தடையே இல்லாமல் இறங்குகின்றன. சாயங்காலம் நாலரை மணிதான் எனக்கு ஆபத்தான நேரம். அதனால் அந்த வேளைக்கென்று வறுத்த நிலக்கடலை ஒரு சின்னக் கைப்பிடி, அல்லது கெட்டித் தயிரில் உப்பும் சீரகப்பொடியும் போட்டு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுகிறேன். அதைச் சாப்பிட்ட நாளில் ராத்திரி எட்டு மணிவரை சிப்ஸ் டப்பா பக்கம் கை போவதில்லை.